டெஸ்க்டாப் மின்கேபிள்கள்

டெஸ்க்டாப் கணினியின் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து பாகங்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் கம்பிக் கொத்துகள். பட்டாசு லேபிளும் காலண்டரும் வடிவமைக்கும் சிவகாசி அச்சகங்களின் அசெம்பிள் கணினிகளிலும் இவை பெரும்பாலும் 1995இல் இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். தரத்தின் வழிவந்தவையே.

மிக அகலமான 24 பின் கனெக்டர் மதர்போர்டுக்கு. தட்டையாக, உள்ளே 'எல்' வடிவப் பள்ளத்துடன் இருப்பது சாட்டா. ஹார்ட் டிஸ்க்குக்கும் 2.5 அங்குல எஸ்.எஸ்.டி.க்கும் உரியது.

குழப்பமெல்லாம் எட்டு பின்னில்தான். நான்கு நான்காகப் பிரிவது பிராசஸருக்கு. ஆறும் இரண்டுமாகப் பிரிவது கிராபிக்ஸ் கார்டுக்கு. முன்னதில் மஞ்சள் 4, கறுப்பு 4. பின்னதில் மஞ்சள் 3, கறுப்பு 5. மஞ்சள் 12 வோல்ட், கறுப்பு கிரவுண்ட். இரண்டிலும் இவை எதிரெதிர் வரிசையில் இருப்பதால் மாற்றி அழுத்திச் செருகினால் ஷார்ட் ஆகும். எல்லாக் கம்பியும் கறுப்பாக வரும் புதிய கேபிள்களில், முனையில் பொறித்த 'சி.பி.யூ.', 'பி.சி.ஐ.இ.' எழுத்துகளே துணை.

கழற்றி மாட்டும் மாடுலர் கேபிளை வேறு பெட்டியில் மாட்டவே கூடாது. பெட்டிப் பக்கத்துப் பின் வரிசைக்குப் பொதுத் தரம் கிடையாது. கச்சிதமாக நுழைந்துவிடும், ஆனால் 5 வோல்ட் போகவேண்டிய கம்பியில் 12 வோல்ட் பாய்ந்து, சேமித்த வேலையெல்லாம் டிஸ்க்கோடு கருகக்கூடும்.