கொடி இறக்கிய அக்டோபர்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்காருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை கனடாவிலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் வீடியோ காலில் வந்தான். அம்பத்தூரில் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவன். ஒன்டாரியோ ஏரியில் சின்னதாக ஒரு பாய்மரப் படகு வைத்திருக்கிறான். "டீச்சர், குளிர் வர்றதுக்குள்ள படகுல இருக்கிற தண்ணிய எல்லாம் காலி பண்ணணும், பாருங்க" என்று கேமராவைத் திருப்பினான். குடிதண்ணீர்த் தொட்டி, வெந்நீர்த் தொட்டி, கழிவறை பம்பு, எஞ்சினைக் குளிர்விக்க ஏரித் தண்ணீர் ஓடும் குழாய் என்று ஒன்று விடாமல் வடிக்கிறான். வடித்த பிறகும் வளைவுகளில் கொஞ்சம் தேங்குமாம். அதற்காக ரோஸ் நிறத் திரவம் ஒன்றை உள்ளே செலுத்தி, ஒவ்வொரு குழாய் வாயிலும் ரோஸ் நிறம் எட்டிப்பார்க்கும் வரை விடுகிறான். அது புரோப்பிலீன் கிளைக்கால். கார் ரேடியேட்டரில் ஊற்றுகிற எத்திலீன் கிளைக்கால் விஷம், அது குடிநீர்க் குழாய்க்கு ஆகாது.

"ஏன் இதெல்லாம்? சொல்லு பார்ப்போம்" என்றேன். பழக்க தோஷம்.

"உறைஞ்சா தண்ணி நூத்துக்கு ஒன்பது பங்கு பெருசாகும் டீச்சர், குழாய் வெடிச்சிடும். ஃப்ரீசர்ல தண்ணி நிரப்பின கண்ணாடி பாட்டில் வைக்காதேன்னு நீங்கதானே சொன்னீங்க!"

மனசு குளிர்ந்துவிட்டது. அப்புறம் கேட்டான்: "நம்ம ஊர் பாய்மரக் கப்பலுக்கெல்லாம் இந்த வேலை இருந்திருக்காது இல்ல?"

இருந்தது கண்ணு. வேற மாதிரி இருந்தது.

நமக்குப் பனி இல்லை, வடகிழக்குப் பருவக்காற்று உண்டு. அந்தக் காலத்துச் சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் கோட்டைக்கு எதிரே திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். செயற்கைத் துறைமுக வேலை தொடங்கியதே 1870-களில்தான். அதையும் 1881 புயல் உடைத்துப் போட்டது. அதனால் அக்டோபர் 15-ல் கோட்டைக் கொடியை இறக்கிவிடுவார்கள். டிசம்பர் 15-ல்தான் மறுபடி ஏற்றுவார்கள். இடைப்பட்ட இரண்டு மாதம் அங்கே நிற்கிற கப்பல் தன் பொறுப்பில்தான் நிற்க வேண்டும். 1746-ல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா போர்தொனே கிளம்பத் தாமதித்தார். அக்டோபர் 13 இரவு அடித்த புயலில் அவருடைய கப்பல்கள் சிதைந்தன, நூற்றுக்கணக்கான மாலுமிகள் கடலோடு போனார்கள்.

கிளம்ப வேண்டுமென்றால் தண்ணீர் வேண்டும். அங்கேதான் நம் ஏழுகிணறு வருகிறது. (வள்ளலார் வாழ்ந்த வீடு இருக்கிற அதே ஏழுகிணறு.) 1772-ல் கேப்டன் பேக்கர் என்பவர் போட்ட திட்டம் அது. கடலுக்கு அவ்வளவு பக்கத்திலும் அந்த மணலில் நல்ல தண்ணீர் ஊறியது. அதை இறைத்துக் குழாய் வழியாகக் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். கப்பல்காரர்களிடமும் அந்தத் தண்ணீருக்கு நல்ல பெயர். ஆனால் கப்பல் வரைக்கும் குழாய் போகாதே! பீப்பாயில் நிரப்பி, மசூலா படகில் ஏற்றி, அலையைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். ஆணி அடித்த படகு அந்த அலை மோதலில் பிளந்துவிடும். அதனால் பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். அடி வாங்கினால் வளைந்து கொடுக்கும். அந்தப் படகோட்டிகளின் பெயரை எந்தப் புத்தகமும் எழுதி வைக்கவில்லை. எனக்கு அது எப்போதும் ஒரு குறைதான்.

மரப்பீப்பாயில் நாளாக நாளாகத் தண்ணீர் நாறும். 1815-க்குப் பிறகுதான் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் இரும்புத் தொட்டி பரவலாக வந்தது. அவன் தொட்டியைக் காலி செய்து குளிருக்குத் தயாராகிறான். இவர்கள் பீப்பாயை நிரப்பிக்கொண்டு மழைக்காலத்திலிருந்து தப்பி ஓடினார்கள்.

ஓடிப்போய் ஒதுங்க அருகிலேயே நல்ல இடம் திருகோணமலை. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் அதை டச்சுக்காரர்களிடமிருந்து பிடித்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் அதைப் பறித்துக்கொண்டார். சென்னைக்கு எதிரே ஆங்கிலக் கப்பற்படையோடு நின்ற அட்மிரல் ஹியூஸுக்குப் பம்பாய் வரை போவதைத் தவிர வழியில்லை. கரையிலோ ஹைதர் அலியோடு போர். சுற்றுவட்டக் கிராமத்து ஜனங்கள் அடைக்கலம் தேடி நகருக்குள் வந்திருந்தார்கள், கடும் பஞ்சம். போக வேண்டாம் என்றார் கவர்னர் மெக்கார்ட்னி. ஹியூஸ் கேட்கவில்லை, அக்டோபர் 15 அன்று பாய் விரித்தார். அன்றிரவே புயல். அவருடைய கப்பல்கள் அடிபட்டன. ஆனால் கரையோரம் நின்ற நாட்டுப் படகுகளின் கதை அதைவிட மோசம். அவற்றில் இருந்தது அரிசி. பசித்துக் கிடந்த ஊரின் கண்ணெதிரே அது கடலில் போனது.

இதைச் சொல்லி முடித்தபோது அவன் கையிலிருந்த பம்பு நின்றுபோயிருந்தது. "டீச்சர், ஹியூஸ் போனது தப்பா?" என்றான். கப்பலைக் காப்பாற்றுகிறவனுக்கு அது சரி, அரிசிக்காகக் காத்திருந்தவர்களுக்கு வேறு மாதிரி தெரிந்திருக்கும் என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பின்னால் 1872-ல் நம்ம பக்கத்துச் செங்குன்றம் ஏரித் தண்ணீர் நகருக்குப் போனது. அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

தங்கசாலை, ஏழுகிணறு பக்கம் குடியிருக்கும் மாணவர்கள் யாராவது அந்தக் கிணறுகள் இப்போது எப்படி இருக்கின்றன என்று பார்த்து ஒரு போட்டோ அனுப்புங்கள். கனடாக்காரன் கேட்கிறான்.