காதங்கி எம்.எஸ்.டி. ராடார்

ஆந்திரப் பிரதேசத்தில், திருப்பதிக்கு அருகே குன்றுகள் சூழ்ந்த காதங்கியில் உள்ள வளிமண்டல ஆய்வு ராடார். 1990களின் தொடக்கத்தில் செயல்பாட்டுக்கு வந்த இதை, இஸ்ரோவைச் சார்ந்த தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் இயக்குகிறது. பெயரிலுள்ள மூன்று எழுத்துகள் இடையடுக்கு, மீள் அடுக்கு, கீழடுக்கு ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகள்.

ஏறத்தாழ 130 மீட்டர் சதுரத் திடலில் 1024 யாகி ஆண்டெனாக்கள் வரிசையாக நிற்கின்றன. சுழலும் கிண்ணம் எதுவும் கிடையாது. ஒவ்வோர் ஆண்டெனாவுக்கும் செல்லும் சமிக்ஞையின் கட்டத்தைச் சற்றே மாற்றினால் போதும், ரேடியோ அலைக் கற்றை வேறு திசைக்குத் திரும்பிவிடும்.

புயல் எச்சரிக்கை ராடார்கள் மழைத்துளிகளைத் தேடுபவை. காதங்கி ராடாருக்கோ தெளிந்த வானமே போதும். 53 மெகாஹெர்ட்ஸ் அலைகளைக் காற்றின் கொந்தளிப்பு மிக மெலிதாகச் சிதறடிக்கிறது. திரும்பிவரும் எதிரொலியின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து (டாப்ளர் பெயர்ச்சி) காற்றின் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். கற்றையை நேர் மேலே நிறுத்தினால் செங்குத்து ஓட்டத்தையும் நேரடியாக அளக்கலாம். வானிலை பலூன்களால் எளிதில் தர முடியாத அளவு இது. ராடாரின் தனிச்சிறப்பும் இதுவே.

சுமார் 25 முதல் 60 கிலோமீட்டர் வரையிலான உயரத்திலிருந்து பெரும்பாலும் எதிரொலி கிடைப்பதில்லை. அதற்கும் மேலே, வெயில் பிரித்தெடுக்கும் எலெக்ட்ரான்களின் தயவால், பகலில் மீண்டும் கிடைக்கிறது.