வட்டிக்கு வட்டி: காணொளி விளையாட்டுகளில் தொடர்மரணத் தண்டனையின் வரலாறு

1985இல் ஜப்பானின் கொனாமி நிறுவனம் ஆர்கேட் கூடங்களுக்கென வெளியிட்ட 'கிரேடியஸ்' என்னும் விண்கல விளையாட்டில், ஆட்டக்காரரின் கலம் தொடக்கத்தில் மெதுவாகவே நகரும். அதன் சுடுதிறனும் குறைவு. வீழ்த்தப்படும் பகைவர் சிலர் விட்டுச்செல்லும் ஆற்றற்குமிழ்களைத் திரட்டி, வேகம், ஏவுகணை, லேசர், உடன் பறக்கும் துணைக்கோளங்கள், காப்புக்கவசம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பெறவேண்டும். பிந்தைய கட்டங்களின் பகைவர் வரிசை, இவற்றையெல்லாம் பெற்ற கலத்துக்கு ஈடுகொடுக்கும் அளவில் அமைந்தது. அத்தகைய கட்டமொன்றில் ஆட்டக்காரர் மோதி இறந்தால் ஓர் உயிரோடு திரட்டிய ஆற்றல் அனைத்தும் பறிபோகும். முதற்கட்டத்துக்குரிய வெறுங்கலத்தோடு பிந்தைய கட்டத்துப் பகைவர் முன் அவர் நிறுத்தப்படுவார். சில நொடிகளில் மீண்டும் இறப்பார். ஆட்டக்காரர்கள் இந்நிலைக்குக் 'கிரேடியஸ் நோய்க்குறி' என்று பெயரிட்டனர். மூன்று உயிர்கள் எஞ்சியிருப்பதாகத் திரை காட்டினும், முதல் இறப்போடு ஆட்டம் முடிந்துவிட்டது என்பதே அப்பெயரின் உட்பொருள்.

ஒருமுறை இறப்பதற்கு விதிக்கப்படும் இழப்பு வேறு. இறந்தவர் மீண்டும் இறப்பதற்கான வாய்ப்பைப் பெருக்கும் இழப்பு வேறு. பின்னதை இங்குத் 'தொடர்மரணத் தண்டனை' எனக் குறிக்கலாம். கடனைத் திருப்ப இயலாதவன்மீது வட்டிக்கு வட்டி ஏறுவதைப் போன்றது இது: எவரிடம் திறன் குறைவோ அவரிடமிருந்தே மிகுதியாக வாங்குகிறது. திறனைச் சோதிக்கும் கருவி என்று இதற்கு வழக்கமாகக் கூறப்படும் நியாயம், இதன் பிறப்பைக் காணுமிடத்து முழுவதும் பொருந்தவில்லை.

நாணயத்தின் கணக்கு

1970களின் நாணய எந்திரங்கள் பலவும் நேரத்தையே விற்றன. மிட்வே நிறுவனத்தின் 'சீ வுல்ஃப்' (1976) நீர்மூழ்கி விளையாட்டில், போட்ட நாணயத்துக்குக் குறித்த நேரம் கிடைக்கும். நன்கு ஆடியவருக்குச் சிறிது நேரம் கூடும். தேர்ந்தவரும் தொடங்குபவரும் ஏறத்தாழ ஒரே விலையே கொடுத்தனர். 1978இல் டைட்டோ நிறுவனத்துக்காக டோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' பெற்ற பெருவெற்றியோடு வேறொரு முறை நிலைபெற்றது. ஒரு நாணயத்துக்கு மூன்று பீரங்கிகள். அவை அழியும்வரை ஆட்டம். பின்பால் மேசைகளில் மூன்று அல்லது ஐந்து பந்துகள் தரும் பழைய வழக்கமே இங்கு 'உயிர்' என்னும் வடிவம் கொண்டது எனலாம்.

மாற்றம் சிறிதெனத் தோன்றினும் அதன் விளைவு பெரிது. நேரம் விற்கப்பட்டபோது எல்லாருக்கும் ஒரு நிமிடத்தின் விலை ஏறத்தாழ ஒன்றே. உயிர் விற்கப்பட்டபோது, தேர்ந்தவர் ஒரே நாணயத்தில் அரைமணி நேரம் ஆட, தொடங்குபவர் அதே நாணயத்தில் இரண்டு நிமிடங்களே ஆட முடிந்தது. எந்திர உரிமையாளரின் வருவாய், எந்திரத்தின் முன் நிற்பவர் எவ்வளவு விரைவில் விலகி அடுத்தவருக்கு இடம் தருகிறார் என்பதைப் பொறுத்தது. கூடுதல் நாணயத்துக்கு விட்ட இடத்திலிருந்தே தொடரலாம் என்ற முறை 1980களில் பரவியதும், இறந்தவரை விலக்குவதைவிட அவரையே மீண்டும் நாணயம் போடச்செய்வது ஊதியமாயிற்று. திரையில் பத்திலிருந்து இறங்கிவரும் எண்கள் இந்த வணிகத்தின் அடையாளம். அட்டாரி கேம்ஸ் நிறுவனத்தின் 'காண்ட்லெட்' (1985) இதை மறைக்கவே முயலவில்லை: அதில் ஆட்டக்காரரின் உடல்வலு சும்மா நின்றாலும் குறைந்துகொண்டே வரும், நாணயம் போட்டால் கூடும்.

கிரேடியஸின் தண்டனையை இப்பின்னணியில் வைத்தே நோக்கவேண்டும். அதன் கொடுமை வடிவமைப்பாளரின் மனக்கடுமையிலிருந்து பிறந்ததென்று கொள்ள வேண்டியதில்லை. ஆர்கேட் கூடத்தின் கணக்கு அதற்கு இடமளித்தது.

இதன் மறுதலை அக்கூடங்களிலேயே தோன்றியது என்பது சுவையான செய்தி. ரெய்சிங் நிறுவனத்துக்காக ஷினோபு யாகாவா உருவாக்கிய 'பேட்டில் கரேகா' (1996) வான்போர் விளையாட்டில் 'தரம்' என்னும் கண்ணுக்குத் தெரியாத அளவீடு ஒன்று உண்டு. சுடச்சுட, ஆற்றல் திரட்டத்திரட்ட, அது ஏறும். பகைவர் கடுமை பெறுவர். அதைக் குறைக்கும் முதன்மையான வழி இறப்பதே. ஆகவே தேர்ந்த ஆட்டக்காரர்கள் உரிய இடங்களில் வேண்டுமென்றே கலத்தை அழித்துக்கொள்ளக் கற்றனர். உயிர் இங்கே செலவிடத்தக்க ஒரு நாணயமாகவே ஆகிவிட்டது.

நாணயத்துளை இல்லாத வீடு

வீட்டுக் கருவிகளுக்கு விளையாட்டுகள் வந்தபோது நாணயம் போயிற்று, தண்டனை தங்கிற்று. நின்டெண்டோவின் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' (1985) மூன்று உயிர்களோடு தொடங்கி, அவை தீர்ந்ததும் முதல் உலகத்துக்கே திருப்பியனுப்பியது. ஒரு பொத்தானை அழுத்தியபடி தொடங்கினால் இறந்த உலகின் முதற்கட்டத்திலிருந்தே ஆடலாம் என்ற சலுகை அதில் இருந்தது. ஆனால் திரை அதைத் தெரிவிக்கவில்லை. பணத்துக்குப் பதிலாக இப்போது ஆட்டக்காரரின் காலம் வசூலிக்கப்பட்டது. சில மணி நேரத்துக்கான உள்ளடக்கத்தையே கொண்ட விளையாட்டை மாதக்கணக்கில் நீட்டிக்க இது உதவியது.

வணிகக் காரணம் வெளிப்படையாகத் தெரியும் இடமும் உண்டு. 1991இல் வெளியான 'நிஞ்ஜா கெய்டன் 3' விளையாட்டின் ஜப்பானியப் பதிப்பில் எத்தனை முறை வேண்டுமானாலும் தொடரலாம். அமெரிக்கப் பதிப்பில் ஐந்து முறை மட்டுமே. 'கான்ட்ரா: ஹார்டு கோர்' (1994) ஜப்பானில் ஓர் உயிருக்கு மூன்று அடிகளைத் தாங்கியது, அமெரிக்காவில் ஒரே அடியில் இறப்பு. ஜப்பானில் இல்லாத விளையாட்டு வாடகைக் கடைகள் அமெரிக்காவில் பெருகியிருந்தன. ஒரு வார இறுதிக்குள் முடிந்துவிடும் விளையாட்டை எவரும் விலைக்கு வாங்கார் என்ற அச்சமே இத்தகைய மாற்றங்களுக்குக் காரணமாகப் பெரிதும் சுட்டப்படுகிறது.

எனினும் எல்லாத் தண்டனைகளையும் நாணயத்தின் வாரிசுகள் எனக் கொள்வது பிழையாகும். கணினி விளையாட்டுகளுக்கு, பகடை உருட்டி மேசைமீது ஆடும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வழியாக மற்றொரு மரபு வந்தது. ஆன்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் உட்ஹெட் இருவரின் 'விசார்ட்ரி' (1981) இதற்குத் தக்க சான்று. அதில் இறந்த வீரனைக் காணிக்கை செலுத்திக் கோயிலில் உயிர்ப்பிக்கலாம். உயிர்ப்பித்தல் தவறினால் உடல் சாம்பலாகும். சாம்பலை உயிர்ப்பிப்பதும் தவறினால் வீரன் நிரந்தரமாக அழிவான். அதே மரபைப் பின்பற்றிய யூஜி ஹோரி 'டிராகன் குவெஸ்ட்' (1986) விளையாட்டில் வட்டியைத் துணிந்து நீக்கினார். இறந்தவர் மன்னர் முன் எழுவார். கைப்பொருளில் பாதி போகும். ஈட்டிய அனுபவப் புள்ளிகள் குறையா. பலமுறை இறப்பவரும் மெல்ல மெல்ல வலிமை பெறுவார்.

இணையத்தில் பலர் கூடி ஆடும் 'எவர்குவெஸ்ட்' (1999) இதற்கு நேர்மாறு. இறந்தவர் அனுபவப் புள்ளிகளை இழப்பார். சிலவேளை நிலையிலும் இறங்குவார். அவருடைய ஆயுதமும் கவசமும் இறந்த இடத்திலுள்ள உடலோடு கிடக்கும். வெறுங்கையோடு தொலைவிலிருந்து நடந்து, தன்னைக் கொன்ற பகைவரைக் கடந்து அவற்றை மீட்கவேண்டும். வழியில் இறந்தால் மீண்டும் இழப்பு. 2004இல் வந்த 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' அனுபவ இழப்பைக் கைவிட்டது. ஆயினும் அடுத்தடுத்து இறப்பவர் தம் உடலை மீட்கக் காத்திருக்கவேண்டிய நேரத்தை 30 நொடி, 1 நிமிடம், 2 நிமிடம் என ஏற்றி, வட்டியின் நிழலைத் தக்கவைத்தது.

உதவியும் இழிவும்

தொடர்ந்து இறப்பவர் விளையாட்டையே கைவிடுகிறார் என்பதை நிறுவனங்கள் உணராமலில்லை. 'கிராஷ் பாண்டிகூட்' (1996), 'ரெசிடென்ட் ஈவில் 4' (2005) ஆகியவை அவருக்குச் சொல்லாமலேயே கடுமையைத் தளர்த்தின. வேறு சில, உதவிக்கு ஈடாக மானத்தைக் கேட்டன. 'நிஞ்ஜா கெய்டன் பிளாக்' (2005) மும்முறை இறந்தவருக்கு 'நிஞ்ஜா நாய்' என்னும் எளிய முறையை முன்வைத்தது; ஏற்றுக்கொண்டவரின் கதைத்தலைவன் கையில் ஊதா நாடா கட்டப்பட்டது. 'மெட்டல் கியர் சாலிட் 5' (2015) கோழித்தலைத் தொப்பியை நீட்டியது. 'நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வீ' (2009) பண்போடு நடந்துகொண்டது எனலாம்: ஒரே கட்டத்தில் எட்டு உயிர்களை இழந்தவருக்கு, வழிகாட்டும் பச்சைக்கட்டி தோன்றும். ஆனால் அக்கட்டி ஒருமுறை தோன்றிவிட்டால், சேமிப்புப் பதிவிலுள்ள விண்மீன்கள் மின்னா.

கறுத்துப்போகும் உலகம்

ஹிடெடாகா மியாசாகியின் இயக்கத்தில் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2009இல் வெளியிட்ட 'டீமன்ஸ் சோல்ஸ்' தொடர்மரணத் தண்டனையை மீண்டும் நடுவே கொணர்ந்தது. இறந்தவர் திரட்டிய ஆன்மாக்கள் இறந்த இடத்துக் குருதிக்கறையில் தங்கும். அங்குத் திரும்புமுன் மறுபடி இறந்தால் அவை அடியோடு மறையும். இது பலரும் அறிந்தது. அறியாதோர் மிகுந்தது மற்றொன்று. இறந்தவர் உடலிழந்து ஆன்ம வடிவில் எழுவார். அவ்வடிவில் உடல்வலு பாதியே. அரிய கல்லொன்றைச் செலவிட்டு உடலைத் திரும்பப் பெறலாம். ஆனால் உடலோடு இருக்கையில் இறந்தால் அவ்வுலகத்தின் 'போக்கு' கருமையை நோக்கிச் சாயும், பகைவர் வலுப்பெறுவர். வலுக்குறைந்து தடுமாறுபவர் இயல்பாகவே உடலை மீட்க முயல்வார். மீட்டபின் இறந்தால் உலகம் இன்னும் கடுமையாகும். இதை விளையாட்டு தெளிவாக விளக்கவுமில்லை.

ஆட்டக்காரர்கள் கண்ட தீர்வு, வடிவமைப்புக்கே ஒரு திறனாய்வாக அமைந்தது. தலைமைப் பகைவரை வென்று உடலைப் பெற்றதும், எல்லா உலகங்களுக்கும் நடுவான நெக்சஸ் மண்டபத்துக்குத் திரும்பி, உயரத்திலிருந்து குதித்து மாண்டனர். அங்கு நேரும் இறப்பு எந்த உலகின் போக்கையும் கறுக்கச்செய்யாது. தண்டனைக்கு அஞ்சி, பரிசாகக் கிடைத்த உடலைத் தாமே எறிந்தனர். 2011இல் வந்த 'டார்க் சோல்ஸ்' இம்முறையைக் கைவிட்டது. 'டார்க் சோல்ஸ் 2' (2014) ஒவ்வோர் இறப்புக்கும் உடல்வலுவின் உச்ச அளவைச் சிறிது சிறிதாகப் பாதிவரை குறைத்தது. கூடவே, பலமுறை வீழ்த்தப்பட்ட பகைவர் மீண்டும் தோன்றாதபடியும் செய்தது. ஒரு கையால் வாங்கி மறு கையால் கொடுத்ததாக இதைக் கொள்ளலாம்.

'செகிரோ' (2019) தண்டனையைப் பிறர்மேல் திருப்பியது. கதைத்தலைவன் பலமுறை இறந்தால் அவனுக்கு உதவும் மாந்தரிடையே 'டிராகன் அழுகல்' என்னும் நோய் பரவும்; அவர்கள் இருமுவர்; அவர்களோடு தொடர்புடைய கதைக்கிளைகள் தடைப்படும். கேட்டவுடன் நெஞ்சை உறுத்தும் ஏற்பாடு இது. உண்மையில் அந்நோயால் எவரும் சாவதில்லை, மருந்தும் உண்டு. கணக்கிட்டால் இழப்பு சிறிது, அச்சமே பெரிது.

அச்சத்தை மட்டும் தனியே பிரித்தெடுத்த விளையாட்டு இதற்கு ஈராண்டு முன்னரே வந்துவிட்டது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள நிஞ்ஜா தியரி நிறுவனம் 2017 ஆகஸ்டில் வெளியிட்ட 'ஹெல்பிளேட்: செனுவாவின் தியாகம்', உளப்பிளவால் துன்புறும் பெண்ணொருத்தியின் பயணம். உளநோய் மருத்துவப் பேராசிரியர் பால் பிளெட்சரின் அறிவுரை அதன் ஆக்கத்தில் இடம்பெற்றது. தொடக்கத்திலேயே திரை எச்சரிக்கிறது: ஒவ்வொரு தோல்வியிலும் அவள் கையிலுள்ள கரிய அழுகல் வளரும், அது தலையை எட்டினால் தேடல் முடியும், சேமித்தவை யாவும் அழியும். ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு போரையும் நடுக்கத்தோடு அணுகினர். பின்னர்ச் சிலர் வேண்டுமென்றே மீண்டும் மீண்டும் இறந்து பார்த்தனர். எச்சரிக்கை பொய்யாக இருந்தது.

இது வஞ்சனையா என்ற வாதம் அப்போது எழுந்தது. இல்லாத குரல்களுக்கு அஞ்சி வாழ்பவளின் கதையில், இல்லாத தண்டனைக்கு ஆட்டக்காரரும் அஞ்சுவது பொருத்தமே என்றனர் ஒரு சாரார். விலை கொடுத்து வாங்கியவரிடம் விதியைப் பற்றிப் பொய்கூறலாகாது என்றனர் மறுசாரார். இரு சாராரும் ஒன்றில் மாறுபடவில்லை: செனுவாவின் கையில் அழுகல் ஏறிக்கொண்டுதான் இருந்தது, எத்தனை முறை இறந்தாலும் அது எந்தச் சேமிப்பையும் அழிக்கவில்லை.