தினமும் கழுவியும் கார் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளியா? காரணம் உங்கள் பக்கெட் தண்ணீரில்

அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் காலையிலேயே காரைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறார்கள். ஆனாலும் வெயிலில் எடுத்ததும் ஜன்னல் கண்ணாடி முழுக்க வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளிகள். துணியால் தேய்த்தால் போவதில்லை. கிளாஸ் கிளீனர் அடித்தால், ஈரம் இருக்கும்வரை மறைந்து, காய்ந்ததும் திரும்ப வருகின்றன. கார் கழுவுபவர் மீது கோபப்படுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பெரும்பாலும் தவறு அவருடையது அல்ல, தண்ணீருடையது.

இந்தப் புள்ளிகள் எப்படி வருகின்றன?

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது பாறையிலுள்ள கால்சியம், மக்னீசியத்தைக் கரைத்துக்கொண்டுதான் போர்வெல்லுக்கு வருகிறது. இதைத்தான் உப்புத் தண்ணீர், கடின நீர் என்கிறோம். கண்ணாடியில் நிற்கும் துளி காயும்போது தண்ணீர் மட்டும் ஆவியாகிறது. மிச்சம் தங்குவது கால்சியம் கார்பனேட். ஹீட்டர் கம்பியில் படியும் அதே வெள்ளைப் படிவம்தான் இது.

ஒரு சின்ன கணக்கு போடலாம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 10500 விதிப்படி, குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீர் கிடைக்காத இடங்களில் 600 வரை அனுமதி உண்டு. உங்கள் போர்வெல் தண்ணீர் அந்த 600-ல் இருக்கிறது, ஒவ்வொரு முறையும் 50 மில்லி கண்ணாடியிலேயே காய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கழுவலுக்கு 30 மில்லிகிராம். துடைக்காமல் விட்டால் 300 நாளில் 9 கிராம்.

இது வெறும் அழகுப் பிரச்சினைதானா?

இல்லை. முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் வெளிச்சத்தைக் கடத்த வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100-வது விதி. பார்வை மறையக் கூடாது என்பதுதான் நோக்கம். புள்ளிகள் ஒளியைச் சிதறடிக்கும். பகலில் பெரிதாகத் தெரியாது. இரவில் எதிரே ஹெட்லைட் வரும்போது கண்ணாடியே பளீரென்று வெளுத்துவிடும். சாலையைக் கடப்பவர் தெரியாமல் போவது அந்த நொடியில்தான்.

சரி, எப்படி நீக்குவது?

கால்சியம் கார்பனேட் அமிலத்தில் கரையும். கிளாஸ் கிளீனர்கள் பலவும் அமிலம் அல்ல, அதனால்தான் அவை தோற்கின்றன. வீட்டு வினிகர் போதும்.

1. காரை நிழலில் நிறுத்தி, கண்ணாடி குளிர்ந்த பின் ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். தூசியிலுள்ள மணல் கண்ணாடியைவிடக் கடினமானது. அதோடு சேர்த்துத் தேய்த்தால் கீறல்தான் மிஞ்சும்.

2. வெள்ளை வினிகரையும் ஆர்.ஓ. தண்ணீரையும் சம அளவு கலக்குங்கள். வினிகர் இல்லையென்றால் 100 மில்லி தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சிட்ரிக் அமிலம்.

3. டிஷ்யூ பேப்பரை அதில் நனைத்துக் கண்ணாடியில் ஒட்டி, 5 முதல் 10 நிமிடம் விடுங்கள். காய விடக் கூடாது. பெயின்ட், குரோம், ரப்பர் மீது வழியாமல் கீழே ஒரு துண்டு வையுங்கள்.

4. மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, நல்ல தண்ணீர் ஊற்றி, உடனே உலர்த்துங்கள். பழைய கறைக்கு இரண்டு, மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும்.

பொறுமைதான் இங்கே முக்கியம். தேய்ப்பது உங்கள் வேலை இல்லை, கரைப்பது அமிலத்தின் வேலை.

அதற்கும் போகவில்லை என்றால்?

இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, தண்ணீரிலுள்ள சிலிக்கா படிந்திருக்கலாம், அது வினிகருக்கு அசையாது. இன்னொன்று, கறை மாதக்கணக்கில் தங்கி, கண்ணாடியின் மேற்பரப்பையே அரித்திருக்கலாம். கழுவிய கண்ணாடியில் விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் படிவம் இன்னும் மேலே இருக்கிறது. வழவழப்பாக இருந்தும் புள்ளி தெரிந்தால், அரிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்தக் கட்டத்தில் சீரியம் ஆக்சைடு பாலிஷ்தான் வழி. பக்கக் கண்ணாடியில் நீங்களே முயலலாம். முன் கண்ணாடியை அனுபவமுள்ளவரிடம் விடுங்கள். ஒரே இடத்தில் அதிகம் தேய்த்தால் பார்வை வளைந்து தெரியும்.

எதைச் செய்யவே கூடாது?

பாத்ரூம் கிளீனர் வேண்டாம். பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. கறையோடு குரோமும் போய்விடும். வினிகருடன் பிளீச்சிங் பவுடர் சேர்த்தால் நச்சுக் குளோரின் வாயு வரும். வினிகரில் சமையல் சோடா கலந்தால் நன்றாக நுரைக்கும், ஆனால் இரண்டும் ஒன்றை ஒன்று செயலிழக்கச் செய்துவிடும். பாத்திரம் தேய்க்கும் ஸ்க்ரப்பரும் வேண்டவே வேண்டாம்.

மறுபடி வராமல் இருக்க?

'ஆர்.ஓ. கழிவு நீரை வீணாக்காமல் கார் கழுவலாம்' என்று பலரும் சொல்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் வடிகட்டிய உப்பெல்லாம் சேர்வது அந்தத் தண்ணீரில்தான். அது தரை துடைக்க உதவும், கண்ணாடிக்கு ஆகாது. குழாயில் வரும் குடிநீரையும் எல்லா இடத்திலும் பயன்படுத்த முடியாது. பெங்களூருவில் 2024 மார்ச்சில், குடிநீரில் வாகனம் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது.

இலவசமாகக் கிடைக்கும் ஒரு தண்ணீர் உண்டு: ஏசியிலிருந்து சொட்டும் நீர். காற்றின் ஈரம் குளிர்ந்து வருவதால் அதில் கால்சியம் அநேகமாக இருக்காது. ஒரு பக்கெட்டில் பிடித்து வைத்து, கண்ணாடியைக் கடைசியாக ஒருமுறை அதில் துடைக்கலாம்.

அதைவிட எளிய வழி, தண்ணீரைக் காய விடாமல் இருப்பது. தினமும் ஈரத் துணி போடுவதற்குப் பதில், வாரம் ஒருமுறை கழுவி, உலர்ந்த துணியால் கண்ணாடியைத் துடைத்தால் போதும். கார் கழுவுபவரிடம் ஒரு நல்ல மைக்ரோஃபைபர் துணியை வாங்கிக் கொடுத்து, இதைச் சொல்லிப் பாருங்கள். உங்களுக்குக் கண்ணாடி தெளியும், அவருக்கும் வேலை குறையும்.