விளிம்பிழந்த வெள்ளி

பழைய ஐரோப்பிய வெள்ளிக்காசுகளைச் சேகரிப்போரிடையே எழுத்து முழுமையாகவும் விளிம்பு சிதையாமலும் உள்ள காசுக்கே மதிப்பு. ஓரம் நறுக்குண்டது மலிவு. நாம் பேச விரும்புவது அந்த மலிவான காசைப் பற்றி.

இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் காலத்து ஆறு பென்சுக் காசை எடுத்துக்கொள்வோம். 1561 முதல் வந்த இக்காசில் அரசியின் தலைக்குப் பின்னே ஒரு ரோசா. மறுபுறம் கேடயத்தின்மேல் ஆண்டு. கீழச்சை மரக்கட்டையில் ஊன்றி, அதன்மேல் வெள்ளித் தகட்டை வைத்து, மேலச்சைக் கையால் பற்றிச் சுத்தியலால் அடிப்பார்கள். அடி விலகினால் முகம் ஒருபுறம் ஒதுங்கும். எந்த இரண்டும் ஒன்றுபோல் இரா. வட்டமும் சரியான வட்டமன்று. சேகரிப்பவரை மயக்கும் இந்தக் கோணலே அன்றைய திருடனுக்கும் வாய்ப்பாயிற்று. ஒழுங்கற்ற ஓரத்தில் மயிரிழையளவு கத்தரித்தால் யார் கண்டறிவது?

தேய்ந்த காசில் முகமே மழுங்கியிருக்கும். நறுக்கிய காசில் முகம் தெளிவாக இருக்கும். சுற்றெழுத்து மட்டும் இராது. தராசு ஐயத்தைத் தீர்த்துவிடும்: ஆறு பென்சு ஏறத்தாழ மூன்று கிராம் இருக்கவேண்டும்.

நறுக்குதல் அரசத் துரோகம். ஆண்களுக்குத் தூக்கு, பெண்களுக்கு எரியூட்டல். கைப்பிடி வெள்ளிக்கு இத்தண்டனை என்பதை இன்று படிக்கையிலும் மனம் ஏற்க மறுக்கிறது.

1662இல் இயந்திர அச்சு நிலைபெற்றது. பெரிய காசுகளின் விளிம்பில் 'அணியும் அரணும்' எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களைப் பொறித்தார்கள். ஆனால் பழைய காசும் அதே மதிப்பில் செல்லுபடியானதால், நிறைகாசுகள் பெட்டிக்குள்ளும் உலைக்குள்ளும் மறைந்தன, குறைகாசே கைமாறியது. 1695 அளவில் அதில் ஏறத்தாழப் பாதி வெள்ளியே எஞ்சியிருந்தது.

புதுக்காசின் வெள்ளியைக் குறைக்கலாம் என்றார் கருவூலச் செயலர் வில்லியம் லவுண்ட்ஸ். பழைய எடையே நிற்கவேண்டும் என்றார் தத்துவஞானி ஜான் லாக். லாக்கின் பக்கம் வென்றது. 1696இல் மறு அச்சடிப்புத் தொடங்கியது; அவ்வாண்டே அக்கசாலைப் பொறுப்பில் அமர்ந்த நியூட்டன் கள்ளக்காசுக்காரர்களையும் வேட்டையாடினார்.

வரலாற்று நூல்கள் இதைப் பெருஞ்சாதனையாகப் பாடும். நமக்கோ வேறொன்று உறுத்துகிறது. குறைகாசை வரியாகவோ கடனாகவோ அரசுக்குச் செலுத்தியவர்களுக்குக் குறிப்பிட்ட நாள் வரை முழு முகமதிப்புக் கிடைத்தது. வரி கட்டுமளவு வசதியற்ற கூலியாள் என்ன செய்வார்? கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார். நறுக்கியது யாரோ, இழந்தது கடைசியாகக் கையில் வைத்திருந்தவர். அரசின் இழப்பை ஈடுகட்டச் சன்னல்களுக்கு வரி விதித்தார்கள். அது 1851 வரை நீடித்தது.

அந்த உலைக்குத் தப்பிய காசுகளே இன்று சேகரிப்போர் கைக்கு வருகின்றன. சிலவேளை காசுகளன்றி, நறுக்கிய வெள்ளித் துணுக்குகளே புதையலாகக் கிடைத்ததும் உண்டு. புதைத்தவர் அவற்றை எடுக்கத் திரும்பி வரவில்லை.