சின்ன வெங்காயத்துக்கு யூரியா... எந்த நாள்ல போடணும் தெரியுமா?

தமிழ்நாட்டுல சின்ன வெங்காயம்னாலே பெரம்பலூர்தான் நினைவுக்கு வரும். செட்டிகுளம், நாட்டார்மங்கலம், இரூர், பாடாலூர்னு வெங்காயத்துக்குப் பேர்போன ஊர்கள் இங்கே வரிசையா இருக்கு. அறுவடை நேரத்துல விலை இல்லைன்னா, காயைப் பட்டறை போட்டு வெச்சிருந்து, விலை ஏறினதும் விற்பது வழக்கம். அந்தப் பட்டறையில காய் தாங்குமா, அழுகுமா என்பதில், நீங்க யூரியா போட்ட நாளுக்கும் பெரிய பங்கு இருக்கு.

எவ்வளவு?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, ஹெக்டேருக்கு 60 கிலோ தழைச்சத்து. இதில் 30 கிலோ அடியுரம். மீதி 30 கிலோ, 30-ம் நாள் மேலுரம். ஏக்கர் கணக்கில் 12 கிலோ, 12 கிலோ.

* அடியுரம்: 50 கிலோ டி.ஏ.பி மூட்டை ஒன்று போட்டாலே 9 கிலோ தழைச்சத்து கிடைச்சுடும். மீதிக்கு ஆறரை கிலோ யூரியா போதும். கூடவே 20 கிலோ பொட்டாஷ்.
* மேலுரம்: 26 கிலோ யூரியா. 45 கிலோ மூட்டையில் பாதிக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

மண் பரிசோதனை செய்திருந்தால், அந்த அட்டையில் உள்ள அளவே முதல் கணக்கு.

ஏன் 30-ம் நாள்?

வெங்காயத்தின் ஒவ்வொரு அடுக்கும் ஓர் இலையின் அடிப்பகுதிதான். முதல் மாதம் இலை செழித்தால், பின்னால் காய் பெருக்கும். காய் திரளும் நேரத்தில் இலை வளர்ச்சி ஓயணும். 'பயிர் வெளுத்திருக்கே'ன்னு 50-ம் நாளில் யூரியாவை வீசினால், செடி மறுபடி இலை விடும். முதிர்ச்சி தள்ளிப்போகும், கழுத்து தடித்து, காயாமல் நிற்கும். அந்த ஈரக் கழுத்து வழியாகத்தான் அழுகல் உள்ளே போகுது. தழைத்த பயிரில் இலைப்பேன் தொல்லையும் கூடும்.

எப்படிப் போடுவது?

வெங்காய வேர் ஆழம் போகாது. அதனால், களை எடுத்த கையோடு யூரியாவைப் பாரின் பக்கவாட்டில் தூவி, மண் அணைத்து, அளவாகத் தண்ணீர் விடுங்க. மண்ணின் மேலேயே கிடந்தால் அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். தண்ணீர் அதிகமானால் வேருக்குக் கீழே இறங்கிவிடும். கரிசல் நிலத்தில் மழைநீர் தேங்கி நின்றாலும் சத்து வாயுவாகி வீண்தான். கனமழை வரும்போல இருந்தால் இரண்டு நாள் தள்ளிப் போடுறதுல தப்பில்லை.

சொட்டுநீர் போட்டிருப்பவர்கள், மேலுரத்தைச் சிறுசிறு தவணைகளாகப் பிரித்து, காய் திரளும் முன்பே முடிச்சுடுங்க.

சந்தேகம் இருக்கா?

பெரம்பலூர் விவசாயிகள் வாலிகண்டபுரத்திலும், அரியலூர் விவசாயிகள் சோழமாதேவியிலும் உள்ள வேளாண் அறிவியல் மையங்களை அணுகலாம்.

வெங்காயம் வாங்குபவர்களுக்கும் ஒரு டிப்ஸ்: கழுத்து மெலிந்து, நன்கு காய்ந்த காயாகப் பார்த்து எடுங்க. கழுத்து தடித்த காயை முதல் வாரச் சாம்பாருக்கே தீர்த்துடுங்க!