நீல் தர்ப்பண்

நீல் தர்ப்பண் என்பது வங்க எழுத்தாளர் தீனபந்து மித்ரா (1830–1873) எழுதி, 1860இல் டாக்காவில் ஆசிரியர் பெயரில்லாமல் வெளியான நாடகம். அவுரி பயிரிட்ட உழவர்களை ஆங்கிலேயத் தோட்டத் துரைமார் நடத்திய விதத்தைச் சொல்வது. 'நீல்' என்பது அவுரியிலிருந்து எடுக்கும் சாயம். 'தர்ப்பண்' என்றால் கண்ணாடி. தர்ப்பணம் என்றதும் நமக்கு எள்ளும் தண்ணீரும்தான் நினைவுக்கு வரும். கண்ணாடிக்கும் அந்தச் சொல் தமிழில் வழங்கியதுண்டு. நாடகம் முடிவதற்குள் விழும் பிணங்களை எண்ணினால் இரண்டு பொருளும் பொருந்திப்போகிறது.

இலக்கியம் சமூகத்தைப் புரட்டிப்போட்டது என்பதற்கு இந்நாடகத்தைச் சான்று காட்டுவது வழக்கம். அது பாதி உண்மைதான். உழவர் கிளர்ச்சி 1859இலேயே மூண்டுவிட்டது. நாடகம் அதற்குப் பிறகு வந்தது. கிராமத்துக்குத் தெரிந்திருந்த கொடுமையை நகரத்தின் காதில் அது போட்டது. அதைத் தண்டிக்கப் புறப்பட்டவர்கள் போட்ட சத்தத்தில்தான் அது இன்னும் தொலைவுக்குக் கேட்டது.

முன்பணமும் கடனும்

துரையின் ஆட்கள் உழவனிடம் பிகா ஒன்றுக்கு (ஏறத்தாழ மூன்றில் ஒரு ஏக்கர்) இரண்டு ரூபாய் முன்பணம் கொடுப்பார்கள். முத்திரைத்தாள் விலை, விதை விலை, வண்டிக் கூலி எல்லாம் அவன் கணக்கில் கழியும். அறுத்த செடியைக் கட்டாகக் கட்டி, சங்கிலி சுற்றி அளப்பார்கள். சங்கிலி பிடிப்பவன் துரையின் ஆள். அவன் இழுக்கிற இழுப்பில் கட்டு சிறுத்துக்கொண்டே போகும். ஆண்டு முடிவில் உழவன் பெயரில் மிஞ்சுவது பாக்கி. அது அடுத்த ஆண்டுக்கும், அவன் செத்தால் மகனுக்கும் போகும். நெல் விளையும் நல்ல நிலத்திலேயே அவுரி போடச் சொன்னார்கள். 1850களில் அரிசி விலை ஏற ஏற இந்த நட்டம் இன்னும் உறைத்தது. மறுத்தவனைத் தூக்கிவந்து சாயக் கிடங்கில் அடைக்கத் தடியாட்கள் இருந்தார்கள்.

நதியா மாவட்டத்துச் சௌகாச்சா கிராமத்தில் திகம்பர் பிஸ்வாஸ், விஷ்ணுசரண் பிஸ்வாஸ் என்ற இருவர் தலைமையில் உழவர்கள் விதைக்க மறுத்தார்கள். இருவரும் முன்பு துரைமாரிடமே வேலை பார்த்தவர்கள் என்பதால், கணக்கு எங்கே புரட்டப்படுகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். மறுப்பு ஜெஸ்ஸூர் முதலிய மாவட்டங்களுக்கும் பரவியது. 1860இல் அரசு அவுரி ஆணையத்தை அமைத்தது.

செய்தித்தாளின் பங்கை நாடகப் புகழ் மறைத்துவிடுவதுண்டு. கல்கத்தாவில் ராணுவத் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே 'இந்து பேட்ரியட்' என்ற ஆங்கில வார இதழை நடத்திய ஹரீஷ் சந்திர முகர்ஜி, கிராமங்களிலிருந்து வந்த கடிதங்களை வாரந்தோறும் அச்சிட்டார். ஜெஸ்ஸூர்ப் பக்கமிருந்து எழுதியவர்களில் சிசிர் குமார் கோஷும் ஒருவர். பின்னாளில் 'அமிர்த பஜார் பத்ரிகா' இதழைத் தொடங்கியவர். முறையீட்டு மனு எழுதித் தரக் கேட்டு வரும் உழவர்களுக்கு ஹரீஷின் பவானிபூர் வீடு சத்திரம்போல இருந்தது. 1861இல், நாற்பது வயதை எட்டாமலே அவர் இறந்தார்.

நாடகம்

தீனபந்து மித்ரா அஞ்சல்துறை அதிகாரி. வேலை நிமித்தம் ஊர் ஊராகச் சுற்றியதில் கண்டவையும் கேட்டவையும் நாடகத்துக்குள் வந்தன. ஸ்வரபூர் என்ற ஊரில் வசதியான கோலோக் பாசுவின் குடும்பம், அவுரிக்கு நிலம் தர மறுத்ததால் சிதைகிறது. பொய்வழக்கில் சிறைக்குப் போன கோலோக் தூக்கிட்டுக்கொள்கிறார். மூத்த மகன் நவீன் மாதவ் துரையின் அடிபட்டுச் சாகிறான். சாதுசரண் என்ற உழவனின் கர்ப்பிணி மகள் க்ஷேத்ரமணி, ரோக் என்ற துரையிடம் சிக்கி மீட்கப்பட்டும் பிழைக்கவில்லை. பாசுவின் மனைவி சித்தம் கலங்கிப்போகிறாள்.

நாடகக் கலை என்ற அளவில் இதில் குறை உண்டு. மேட்டுக்குடிப் பாத்திரங்கள் துக்கத்திலும் ஏட்டுத் தமிழ்போன்ற ஏட்டு வங்காளத்தில் பேசிக்கொள்வார்கள். உயிர் இருப்பது உழவர்களின் பேச்சில்தான். பொய்ச்சாட்சி சொல்ல மறுத்துக் கிடங்கில் அடைபட்டுக் கிடக்கும் தோராப் என்ற முஸ்லிம் உழவன், துரையின் மூக்கையே கடித்துவிடுகிறான். படித்தவர்களுக்காக எழுதிய நாடகத்தில் ஊர் மறக்காத பாத்திரம் அவனே.

வழக்கு

அயர்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் லாங் என்ற பாதிரியார், வங்க அரசின் செயலர் சீட்டன்-காரின் ஆதரவுடன் இதன் ஆங்கில மொழிபெயர்ப்பை 1861இல் அச்சிட ஏற்பாடு செய்தார். அவுரி ஆணையத்துக்குத் தலைமை வகித்தவரும் சீட்டன்-கார்தான். மொழிபெயர்த்தவர் கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத் என்பது மரபாகச் சொல்லப்படுவது. லாங் அந்தப் பெயரைக் காட்டிக்கொடுக்கவில்லை. 500 படிகளில் 202 படிகள் அரசு முத்திரையிட்ட உறைகளில் இங்கிலாந்துப் பிரமுகர்கள் உள்ளிட்டோருக்குப் போய்ச் சேர்ந்தன. தபால்காரர் எழுதிய நாடகத்தைத் தபாலே கடல்கடத்தியது!

இரண்டு ஆங்கிலப் பத்திரிகைகள் காசுக்காகத் துரைமாருக்குத் துணைபோவதாக முன்னுரை குற்றம்சாட்டியிருந்தது. துரைமார் சங்கம் முதலில் அச்சகத்தார்மீது அவதூறு வழக்குப் போட்டது. பிறகு லாங் தாமே பொறுப்பேற்றார். கல்கத்தா உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி மார்டன்ட் வெல்ஸ் 1861 ஜூலை 24 அன்று அவருக்கு ஒரு மாதச் சிறையும் 1,000 ரூபாய் அபராதமும் விதித்தார். மகாபாரதத்தை வங்க உரைநடையில் கொண்டுவந்த காளிபிரசன்ன சிங்கா, நீதிமன்றத்திலேயே பணத்தைக் கட்டினார். சீட்டன்-கார் செயலர் பதவியை விட்டு விலக நேர்ந்தது. நூலைப் படித்திராத வீடுகளிலும் அதன் பெயர் புழங்கத் தொடங்கியது இதன் பிறகுதான்.

மேடையும் சட்டமும்

1872 டிசம்பர் 7 அன்று கல்கத்தா சித்பூரில், சீட்டு விற்றுப் பொதுமக்களுக்கு நாடகம் காட்டிய நேஷனல் தியேட்டர், நீல் தர்ப்பணுடன் திரை தூக்கியது. அர்த்தேந்து சேகர் முஸ்தஃபி துரை வேடம் உட்படப் பல வேடங்களை ஒருவராகவே ஏற்றார். அவர் நடிப்பைக் கண்டு கொதித்த சமூகச் சீர்திருத்தவாதி வித்யாசாகர் மேடையை நோக்கிச் செருப்பை வீசினார் என்றொரு கதை உண்டு. கதையாகவே வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் லக்னோவில் இந்நாடகத்தின்போது நடந்ததை நடிகை வினோதினி தாசியே தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். தோராப் துரையைத் தாக்கும் காட்சியில் வெள்ளையர்கள் கொதித்தெழுந்து மேடைமேல் பாய, நாடகம் பாதியில் நின்றது. குழுவினர் ஊரைவிட்டே கிளம்பவேண்டியதாயிற்று.

இதற்குள் 'தர்ப்பண்' என்று முடியும் நாடகங்கள் பெருகிவிட்டன. மீர் மொஷரஃப் ஹுசைன் ஜமீன்தார்களுக்குக் கண்ணாடி பிடித்தார். தேயிலைத் துரைமாருக்கும் ஒன்று பிடிக்கப்பட்டது. வேல்ஸ் இளவரசரைத் தம் வீட்டுப் பெண்கள் வரவேற்கச் செய்த கல்கத்தா வழக்கறிஞர் ஒருவரைக் கேலி செய்த நாடகம் கடைசிச் சாக்காக அமைந்தது. வைஸ்ராய் நார்த்புரூக் பிரபு அவசரச் சட்டம் போட்டார். அதுவே 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்த்துகைச் சட்டமாயிற்று. அவதூறு, ராஜத்துரோகம், ஆபாசம் என்று கருதும் எந்த நாடகத்தையும் அரசு தடுக்கலாம் என்றது அது.

வெள்ளையர் போன பின்னும் சட்டம் போகவில்லை. எம்.ஆர்.ராதாவின் நாடகங்கள் ஆட்சியாளர்களைச் சங்கடப்படுத்திய காலத்தில், 1954இல், சென்னை மாநிலம் அதே அச்சில் தனக்கென்று ஒரு சட்டம் செய்துகொண்டது. நாடகப் பிரதியைக் காவல்துறையிடம் காட்டி அனுமதிக்குக் காத்திருக்கும் வழக்கம் அதன் நிழலில் நீண்டது. பரீக்‌ஷா குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில், 2013இல் நீதிபதி கே.சந்துரு அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று தீர்ப்பளித்தார். 1876ஆம் ஆண்டுச் சட்டம் 2018இல், வழக்கொழிந்த பல பழைய சட்டங்களோடு ஒன்றாக நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் நீக்கப்பட்டது.